டோலக்பூர் மகாராஜாவுக்கு ஒரு மனு

அனுப்புநர்:
பழைய நேயர் ஒருவர்,
திருப்பாச்சூர்,
திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்:
மாட்சிமை தங்கிய மகாராஜா இந்திரவர்மா அவர்கள்,
அரண்மனை,
டோலக்பூர்.

பொருள்: தங்கள் நாட்டில் நிலவும் கதை வறட்சி – நிவாரணம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: போகோ தொலைக்காட்சியில் ‘சோட்டா பீம்’, 2008 முதல் காலை, மதியம், மாலை.

மகாராஜா அவர்களே,

எங்கள் ஊர் திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகும் சாலையில் இருக்கிறது. திருப்பதிக்கு நடந்து போகிற கூட்டம் எங்களைத் தாண்டித்தான் போகும். திரும்பும்போது பஸ்ஸில், மடியில் லட்டுப் பையோடு வரும். ஆகவே லட்டு விஷயத்தில் எங்களை யாரும் ஏமாற்ற முடியாது. 2009இல் புவிசார் குறியீடு வாங்கிய லட்டு அது. அதைத் தின்றுவிட்டு எவரும் சாலையோரம் பஞ்சராகி நிற்கிற டாரஸ் லாரியை ஒற்றைக் கையால் தூக்கியதாகத் தகவல் இல்லை. தூக்கம்தான் வரும். தங்கள் நாட்டில் மட்டும் பீம் என்கிற பையன் ஒரு லட்டைத் தின்றால் பலம் வந்துவிடும்; லட்டுதான் ராணுவம், லட்டுதான் போலீஸ், லட்டுதான் தீயணைப்பு. போகட்டும், கார்ட்டூன் நாடு, விட்டுவிடலாம் என்றுதான் இத்தனை வருடம் இருந்தோம். இப்போது லட்டேதான் கதையும் என்று ஆகிவிட்டதால் இந்த மனுவை எழுத வேண்டியதாயிற்று.

தங்கள் நாட்டின் கதை ஒளிபரப்பாகத் தொடங்கியபோது என் மூத்தவன் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தான். இப்போது தாடி வைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிறான். பீமுக்கு இன்னும் ஒன்பது வயது. அதில் எங்களுக்கு வழக்கே இல்லை. ஜப்பானில் யோஷிடோ உசுய் 1990இல் வரைய ஆரம்பித்தபோது சின்சானுக்கு ஐந்து வயது, இன்றைக்கும் ஐந்துதான். அமெரிக்காவில் ‘சிம்ப்சன்ஸ்’ தொடர் 1989இல் தொடங்கியதிலிருந்து பார்ட் என்கிற பையனுக்குப் பத்து வயது. கார்ட்டூனில் வயது ஏறாது. ஆனால் கதை லட்டைத் தாண்டி ஓர் அடியும் வைக்காமல் நிற்பதைத்தான் எங்களால் ஜீரணிக்க முடியவில்லை.

ஆரம்பத்தில் தங்கள் நாடு இப்படி இல்லை. நல்ல ஊராகத்தான் இருந்தது. பக்கத்து நாடு பஹல்வான்பூரோடு ஒரு போட்டி, பீமிடம் வம்பிழுக்கும் காலியா செய்யும் கோல்மால், டோலு போலு இரட்டையர்கள் அவனுக்குப் போடும் ஜால்ரா, கொள்ளைக்காரன் மங்கள் சிங் வந்து போவது, இவ்வளவுதான். சின்ன விஷயத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. பிறகு யார் கண் பட்டதோ, நாட்டுக்குள் ராட்சதன் வந்தான், மந்திரவாதி வந்தான், ரோபோ வந்தது, வேற்றுக்கிரகவாசியும் வந்தான். ஒன்பது வயதுப் பையனைப் பாலித் தீவுக்குக் கூட்டிப்போய் 2013இல் ஒரு படம் எடுத்தார்கள். சீனாவுக்குக் கூட்டிப்போய் 2019இல் ‘குங்ஃபூ தமாக்கா’ எடுத்தார்கள். எந்த ஊருக்குப் போனாலும் அங்கேயும் லட்டு, அதே குத்து. இவ்வளவும் போதாதென்று ‘சூப்பர் பீம்’ என்று இன்னொரு தொடர், பையன் தோளில் ஒரு அங்கியைக் கட்டி. ஒருமுறைகூடத் தோற்காத பையனுக்குக் கூடுதல் பலம் எதற்கு என்று அந்தக் கதை இலாகாவில் ஒருவர்கூடவா கேட்கவில்லை?

என் சின்னவள் நாலாம் வகுப்பு. டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். திரும்பிப் பார்க்கவே மாட்டாள். எழுதிக்கொண்டே சொல்வாள்: “இப்ப ராஜா பயப்படுவாரு. இப்ப பீம் கீழ விழுவான். இப்ப சுட்கி லட்டு தூக்கிப் போடுவா. முடிஞ்சுது.” ரப்பரை எடுத்து ஒரு எழுத்தை அழிப்பாள். அதற்குள் திரையில் வில்லன் வானத்தில் பறந்துகொண்டிருப்பான். எங்கள் வரிசை வீட்டில் கடைசி வீட்டுப் பையனுக்குச் சொந்த ஊர் பீகார், அப்பாவுக்குக் காக்களூரில் வேலை. அவன் அதே கதையை மொபைலில் இந்தியில் பார்க்கிறான். இரண்டு வீட்டிலும் இரண்டு மொழியில் ஓடுகிறது. இரண்டு வீட்டிலும் சிரிப்புச் சத்தம் இல்லை. தேசிய ஒருமைப்பாட்டில் தங்கள் நாட்டின் பங்களிப்பு என்று இதை வேண்டுமானால் குறித்துக்கொள்ளலாம்.

“குழந்தைகள் பார்க்கிற கதைதானே, இதற்கெல்லாமா மனு?” என்று தங்கள் மந்திரி கேட்கக்கூடும். பெரியவர்களை ஏமாற்றுவது சுலபம் ஐயா. டீக்கடையில் ஓடுகிற சீரியலில் மருமகளுக்கு மூன்றாவது முறையாக நினைவு தப்பினாலும் வாயைத் திறந்து பார்ப்போம். குழந்தைகள் அப்படியல்ல. அலுத்தால் வாதம் பண்ணாது, முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடும்.

நிர்வாகம் பற்றியும் இரண்டு வார்த்தை. எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் ஒரு மோட்டாரை ஓட்டினால் பக்கத்தில் ஸ்பேர் ஒன்று தயாராக நிற்கும். தங்கள் நாட்டின் மொத்தப் பாதுகாப்பும் ஒரே ஒரு சிறுவனை நம்பி நிற்கிறது. அரண்மனை வாசலில் ஈட்டி பிடித்து நிற்கிறார்களே, அவர்களுக்கு என்ன வேலை? ஆபத்து வந்ததும் ஒதுங்கி வழி விடுவதற்கா சம்பளம்? லட்டு சப்ளை முழுவதும் பீமின் தோழி சுட்கியின் அம்மா டுன்டுன் கையில். டெண்டர் விட்டதாகத் தெரியவில்லை. அதைவிட வருத்தம், அந்தச் சுட்கி. சூட்டிகையான பெண். வாயைத் திறந்தால் ஒரு யோசனை சொல்லக்கூடியவள். அவளைச் சரியான நேரத்தில் லட்டு எறிகிற ஆளாகவே வைத்துவிட்டார்கள். தங்கள் மகள் இந்துமதிக்கோ அந்த வேலைகூடக் கிடையாது.

மோசமான நிர்வாகம் என்பதற்காக இந்த மனுவை எழுதவில்லை. மோசமான அரசர் எங்களுக்குப் புதிதில்லை. 2006இல் சிம்புதேவன் எடுத்த படத்தில் வடிவேலு இருபத்து மூன்றாம் புலிகேசியாக ஆண்டார். தங்களைவிடப் பல மடங்கு மோசமான ஆட்சி. வயிறு வலிக்கச் சிரித்தோம். காரணம், அந்தக் கதை அரசனைப் பார்த்துச் சிரித்தது. தாங்கள் சிம்மாசனத்தில் நடுங்கிக்கொண்டே “பீமைக் கூப்பிடுங்கள்” என்று ஆணையிடுகிறீர்கள். கதை அதைக் கவனிக்காத மாதிரி அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது. எவ்வளவு பெரிய வேடிக்கை அது! கண்முன்னே கிடக்கிறது, எடுக்க ஆளில்லை.

இப்போது மனுவின் சாரத்துக்கு வருகிறேன். தங்கள் பையன் தோற்பதே இல்லை. பிரச்சினை அவ்வளவுதான்.

தோற்கிறவனிடம்தான் சிரிப்பு இருக்கிறது. ‘வின்னர்’ படத்துக் கைப்புள்ள சண்டைக்குக் கிளம்பி, அடி வாங்காமல் ஜெயித்து வந்திருந்தால் இன்றைக்கு அவர் பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கும்? டாம் பூனை ஒவ்வொரு முறையும் நசுங்குவதால்தான் அந்த எலிக்கு மதிப்பு. சின்சானுக்கு அம்மா கையால் மண்டையில் குட்டு விழுகிறது. இந்திய அரசாங்கம் 2008இல் தடை போட்டும் அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான் என்றால், அந்தக் குட்டுக்கும் அதில் பங்குண்டு.

தங்கள் பையனுக்குப் பெயர் கொடுத்த பழைய பீமனைப் பாருங்கள். சௌகந்திகப் பூவைத் தேடிக் காட்டுக்குப் போனான். வழியில் ஒரு கிழட்டுக் குரங்கு வாலை நீட்டிப் படுத்திருந்தது. “வாலை நகர்த்து” என்று அதட்டினான். “நீயே நகர்த்திவிட்டுப் போ” என்றது. பத்தாயிரம் யானை பலமுள்ளவனுக்கு அந்த வாலை அசைக்க முடியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது அது அண்ணன் அனுமன் என்று. தங்கள் கதையிலும் ஜக்கு என்று ஒரு குரங்கு இருக்கிறது, பேசவும் செய்கிறது. பீமுக்குப் பக்கத்தில் தாவித் தாவி வருவதோடு சரி. ஒரே ஒரு நாள் அதன் வாலை நீட்டிப் படுக்கச் சொல்லுங்கள் ஐயா.

எங்கள் தொண்டை மண்டலத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும். பகாசூரன் வதைக்குப் பட்டப்பகலில் பீமன் வேடம் கட்டியவர் வண்டியேறித் தெருத்தெருவாக வருவார். வண்டியில் சோறு, வடை, வாழைப்பழம், பூசணிக்காய். முன்பு மாடு இழுத்தது, இப்போது டிராக்டர். மீசையெல்லாம் சோற்றுப் பருக்கை. பின்னால் பிள்ளைகள் ஓடும். அவர் ஒரு வடையைக் கடித்து மீதியைக் கூட்டத்தில் வீசுவார், பிடிக்க ஒரே தள்ளுமுள்ளு. அவரும் தின்கிற பீமன்தான். ஆனால் அந்தத் தீனி அசுரனுக்குப் போக வேண்டியது, அவன் பசியோடு காத்திருக்கிறான். ராத்திரிக் கூத்தில் கட்டியங்காரன் இருப்பான், எவ்வளவு பெரிய ராஜா சபைக்கு வந்தாலும் “யாருய்யா நீ?” என்று கேட்டுத்தான் உள்ளே விடுவான். தங்கள் சபையில் எல்லாரும் இருக்கிறார்கள், அவன் மட்டும் இல்லை.

இன்னும் பக்கத்தில் வருகிறேன், எங்கள் ஊர்க் கோயிலுக்கே. அப்பரும் சம்பந்தரும் பாடிய வாசீஸ்வரர் கோயில். தலபுராணத்தில் கரிகாலன் வருகிறான். குறும்பன் என்றொரு சிற்றரசன் கப்பம் கட்ட மறுக்கிறான். கரிகாலன் படையெடுத்து வந்து தோற்றுப்போகிறான். கரிகாலனே தோற்கிறான் ஐயா! ஏனென்றால் எதிரி பக்கம் காளி நிற்கிறாள். சாமியே எதிர்க்கட்சி. கடைசியில் சிவன் நந்தியை அனுப்ப, நந்தி காளியை அடக்கிப் பொன் விலங்கு பூட்ட, அப்புறம்தான் வெற்றி. இங்கே அவளுக்குச் சொர்ண காளி என்றே பெயர். ஒரே கதைக்குள் தோல்வி, எதிரியாகத் தெய்வம், அந்தத் தெய்வத்துக்கே விலங்கு. எங்கள் ஊர் பெரிய ஊரில்லை, எழுத்தாளர் குழுவும் கிடையாது. எங்களுக்கே இவ்வளவு கிடைத்திருக்கிறது.

அமெரிக்காவிலும் இந்த வியாதி உண்டு என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ‘சிம்ப்சன்ஸ்’ ஒரு காலத்தில் பெரியவர்களையும் உட்கார வைத்த தொடர். 1997இல் ஒரு கதையில், அத்தனை வருடமாகப் பார்த்துவந்த பள்ளித் தலைமையாசிரியர் ஒரு போலி, வேறு ஆள் பெயரில் வாழ்கிறவர் என்று போட்டார்கள். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அந்தக் கதையின் முடிவு ரசமானது: இனி இந்த விஷயத்தை ஊரில் எவரும் பேசக் கூடாது, பேசினால் சித்திரவதை என்று நீதிபதி ஆணை போட்டுவிடுவார். மறுநாளிலிருந்து எல்லாம் பழையபடி. மகாராஜா அவர்களுக்கும் அந்த அதிகாரம் உண்டு என்பதைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். ரோபோ வந்த கதைகள் நடக்கவே இல்லை என்று முரசறைந்து விட்டால், திருப்பாச்சூரில் ஒருவரும் ஆட்சேபிக்க மாட்டோம்.

கதை சொல்லத் தெரியாத ஆட்களால் இப்படி ஆகியிருந்தால் சரி விதி என்று இருந்துவிடலாம். ஆத்திரமே அதில்தான். ராஜீவ் சிலகாவின் அதே ஹைதராபாத் கம்பெனி கிரீன் கோல்டுதான் 2019இல் நெட்ஃபிளிக்சுக்காக ‘மைட்டி லிட்டில் பீம்’ செய்தது. தவழ்கிற குழந்தை பீம். வசனமே கிடையாது. ஒரு பண்டத்தின் வாசனை வந்தால் போதும், குழந்தை கிளம்பிவிடும். போகிற வழியெல்லாம் ரகளை. அதற்கும் பலம் உண்டு, ஆனால் அந்தப் பலத்தால் ஒன்று உடையும், உடைந்ததை மறைக்கப் போய் இன்னொன்று கவிழும். பலமே அங்கே வினை. சின்னவள் அதற்கு மட்டும் நோட்டை மூடிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள். பேச்சே இல்லாத தொடரில் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியவில்லை. நாள் முழுக்கப் பேசுகிற தொடரில் எல்லாம் முன்கூட்டியே தெரிகிறது. எழுதத் தெரிந்த கை வீட்டிலேயே இருந்தும், 2012இல் கார்ட்டூனாக வந்த தம்யான் சாபக் கதையையே 2024இல் நிஜப் பிள்ளைகளை நடிக்க வைத்து மறுபடி சினிமாவாக எடுத்தார்கள். பழைய சோற்றில் தண்ணீர் மாற்றியாயிற்று.

ஆகவே மகாராஜா அவர்கள் தயவுகூர்ந்து டுன்டுனுக்கு ஒரு மாதம் சம்பளத்துடன் விடுப்பு வழங்க வேண்டுகிறோம். அவரும் பாவம், அடுப்படியிலேயே எத்தனை வருடம் நிற்பார். அந்த ஒரு மாதமும் பீம் வீட்டுச் சாப்பாடு சாப்பிடட்டும். ஈட்டிக்காரர்களுக்கு ஈட்டியை எப்படிப் பிடிப்பது என்று யாராவது சொல்லிக் கொடுக்கட்டும். சுட்கியிடம் ஒருமுறை யோசனை கேளுங்கள். காலியாவை ஒரே ஒரு கதையில் ஜெயிக்க விடுங்கள். வேண்டுமானால் தப்பான வழியில் ஜெயிக்கட்டும், அதனாலென்ன. தங்கள் நாட்டில் ஆசைப்பட்டுத் திட்டம் போட்டு, மாட்டிக்கொண்டு, மறுநாள் வெட்கமில்லாமல் அடுத்த திட்டத்தோடு வருகிற ஒரே ஆள் அவன்தான். கதை என்று மிச்சமிருப்பது அவனிடம் மட்டுமே.

தக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்ற நம்பிக்கையுடன்,

இப்படிக்கு,
பழைய நேயர்.

நகல்: 1. கதை இலாகா, ஹைதராபாத் – தகவலுக்காக.
2. திரு. காலியா – தனிப்பட்ட முறையில்.

இணைப்பு: என் சின்னவள் எழுதிய கதை, ஒரு பக்கம். அவள் எழுதியபடியே:

“பீமுக்கு வயித்து வலி. டாக்டர் லட்டு சாப்பிடக் கூடாதுன்னு சொல்லிட்டார். அன்னைக்குன்னு பாத்து மங்கள் சிங் வந்தான். எல்லாரும் ஓடினாங்க. காலியா எல்லாருக்கும் முன்னாடி ஓடினான். ஓடறப்ப டோலு மேல இடிச்சு, டோலு போலு மேல விழுந்து, மூணு பேரும் உருண்டு போய் மங்கள் சிங் மேல விழுந்துட்டாங்க. அவனுக்கு மூச்சு விட முடியல. ராஜா காலியாவுக்கு மாலை போட்டார். காலியா நான் வேணும்னேதான் விழுந்தேன்னு சொன்னான். சுட்கிக்கு உண்மை தெரியும். பீம் கை தட்டினான். ஆனா அவனுக்குப் பொறாமையா இருந்துச்சு.”

பின்பக்கத்தில் இருப்பது கணக்கு வீட்டுப்பாடம். அதில் உள்ள தவறுகளுக்கு இந்த மனு பொறுப்பாகாது.