உறங்காப் பம்பு: இழுவை வீட்டின் நீர்ப்பழுதுகள் குறித்த ஓர் அளவையியல் ஆய்வு

வட அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கியிட்டு இழுத்துச் செல்லப்படுவதும், பெரும்பாலும் இண்டியானா மாநிலத்து எல்கார்ட் வட்டாரத் தொழிற்சாலைகளில் கட்டப்படுவதுமான டிராவல் டிரெய்லர் என்னும் இழுவை வீட்டுக்குத் தண்ணீர் இரண்டு வழிகளில் வருகிறது. முகாம் திடலில் குழாய் இருப்பின் ஹோஸ் வழியே நேரடியாக வரும். குழாயற்ற காட்டிலும் அரிசோனாப் பாலைநிலத்திலும் வீட்டின் அடியிலுள்ள தொட்டியிலிருந்து ஒரு சிறு பம்பு அதனைத் தள்ளித் தர வேண்டும். இப்பம்பைப் பற்றி எழுதப்பட்டவை பழுது நீக்கும் ஒற்றை நோக்கத்தோடு எழுதப்பட்டமையால், பழுது என்பது யாது, அது யாருடையது என்னும் அடிப்படை வினாக்கள் இன்றளவும் தீண்டப்படாமலே கிடக்கின்றன.

பம்பின் இயல்பு முதற்கண் கூறப்படும். 12 வோல்ட் பேட்டரி மின்சாரத்தில் சுழலும் மோட்டார் ஒன்று ரப்பர் சவ்வை முன்னும் பின்னும் அசைக்க, சவ்வு தொட்டி நீரை உறிஞ்சிக் குழாய்க்குள் தள்ளும். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 55 பவுண்டை எட்டியதும் அதனோடு இணைந்த அழுத்தச் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கும். எங்கேனும் ஒரு குழாய் திறக்கப்பட்டு அழுத்தம் இறங்கினால் மீண்டும் இணைக்கும். குளிப்பவர் யார், பாத்திரம் கழுவுபவர் யார் என்பதெல்லாம் பம்புக்குத் தெரியாது. அழுத்தம் ஒன்றே அது அறிந்த உலகம். ஆகவே பம்பு பொய் சொல்ல வழியில்லை என்பதும், அதன்மீது சுமத்தப்படும் குற்றங்களுள் பெரும்பாலானவை பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்னும் வகையைச் சேர்ந்தவை என்பதும் இவ்வாய்வின் துணிபு.

சைவ சித்தாந்திகள் அறிவுக்குரிய அளவைகளாகக் காட்சி, கருதல், உரை ஆகிய மூன்றையும் முதன்மையாகக் கொள்வர். இழுவை வீட்டில் இம்மூன்றனுள் முதலில் கைவிடத் தக்கது காட்சி. சுவரில் நாலே விளக்குகளால் தொட்டியின் நிலையைக் காட்டும் பலகை, மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இருப்பது பத்துக் குடமா பத்துச் சொட்டா என்பதைப் பிரித்தறியும் ஆற்றலற்றது. வீடு சரிவில் நிறுத்தப்பட்டிருந்தாலோ, நீர் ஒரு மூலையிலும் உறிஞ்சுவாய் மறு மூலையிலுமாக இருக்கப் பலகை மட்டும் மங்கலச் செய்தியே கூறிக்கொண்டிருக்கும். உரை என்பது பக்கத்து டிரெய்லர்க்காரர் கேட்காமலே வந்து கூறும் அறிவுரை. அது எப்போதும் புதுப் பம்பு வாங்குவதிலேயே முடியும். எஞ்சியது கருதல்.

பழுதுகள் ஓடாப் பம்பு, வறட்டுப் பம்பு, உறங்காப் பம்பு என மூவகைப்படும். ஓடாப் பம்பில் ஆராய்ச்சிக்கு இடம் குறைவு: பேட்டரி இறங்கியிருக்கும், பியூஸ் போயிருக்கும், அல்லது தரையிணைப்புக் கம்பி துருவேறியிருக்கும்.

வறட்டுப் பம்பாவது ஓயாமல் இரைந்தும் நீர் தராதது. தொட்டி காலி என்பதே இதற்கு முதற்காரணமாயினும், அதனை ஒப்புக்கொள்ள எவரும் முன்வாராமையால் ஆய்வு எப்போதும் இரண்டாம் காரணத்திலிருந்தே தொடங்குகிறது. அக்காரணம் தத்துவ நயம் மிக்கது. பம்புக்குப் பின்னுள்ள குழாயில் ஓட்டை விழுந்தால் நீர் வெளியே சொட்டித் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். பம்புக்கு முன்னுள்ள உறிஞ்சு குழாயில் விழுந்தாலோ, நீர் வெளியேறுவதற்கு மாறாகக் காற்று உள்ளே நுழைவதால், அவ்விடம் எலும்பாய்க் காய்ந்திருக்கும். ஈரமின்மையே இங்குச் சான்று. இவ்வகை ஒழுகாத ஒழுக்கு வடிகட்டிக் கிண்ணத்தின் தளர்ந்த மூடியிலோ, குளிர்கால வால்விலோ பெரும்பாலும் குடியிருக்கும். பின்னது, குழாய்கள் உறைந்து வெடியாதிருக்க இலையுதிர் காலத்தில் இளஞ்சிவப்பு நிற உறைதடுப்புத் திரவத்தைக் குப்பியிலிருந்து உறிஞ்சிக்கொள்ள வைக்கப்பட்ட திருகு வால்வு. வசந்தத்தில் அதனைத் திருப்பி வைக்க மறந்த வீட்டில் பம்பு, நிறைந்த தொட்டியை அருகில் வைத்துக்கொண்டு, வெறுங்காற்றையே குடித்துக்கொண்டிருக்கும்.

இனி இத்துறையின் சிகரமாகிய உறங்காப் பம்பு. எல்லாக் குழாயும் மூடிய நள்ளிரவில், கால் மணிக்கொருமுறை ஒரே ஒரு கணம் உறுமி அடங்குவது இதன் இலக்கணம். எங்கோ அழுத்தம் கசிகிறது என்பது தெளிவு. எங்கே என்பதில் அறிஞர் இரு பிரிவாயினர். புறவாதிகள் கழிப்பறை வால்வையும், வெளிச்சுவரின் சிறு கதவுக்குப் பின்னே மறக்கப்பட்ட வெளிக்குளியல் குழாயையும், அடித்தள வடிகுழாயையும் சுட்டுவர். அகவாதிகளோ, பம்பினுள் இருக்கும் ஒருவழி வால்வு தேய்ந்து, தள்ளிய நீரே தொட்டிக்குத் திரும்புகிறது என்பர். இவ்வழக்கைத் தீர்க்க எளிய சோதனை உண்டு: பம்பை அணைத்துவிட்டு முகாம் குழாயை இணைக்க, நிரப்பாத தொட்டி தானே நிரம்பி வாகனத்தின் அடியில் வழியுமாயின் அகவாதிகள் வென்றனர். இவ்விடத்தில் பம்பே குற்றவாளியாவதால் மேற்கூறிய துணிபு குலைகிறதே எனின், குலையாது. அப்போதும் பம்பு உறுமித் தன் குற்றத்தை மறைக்காமல் கூறியமை நோக்குக.

மூன்றாம் பிரிவினரும் உளர். எண்ணிக்கையில் இவர்களே மிகுதி. படுக்கும்முன் பம்பின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும் என்பது இவர்தம் கொள்கை. சத்தம் நீங்குதல் பழுது நீங்குதலாகாது என்று மற்றவர் மறுப்பினும், நள்ளிரவில் அம்மறுப்பைக் கேட்க எவரும் விழித்திருப்பதில்லை. பின்னிரவில் கழிப்பறைக்கு எழுபவர் மிதியை மிதிக்க, குழாயில் எஞ்சிய அழுத்தம் ஒரு சிறு பீச்சலோடு தீர்ந்துபோகும் என்பதே இம்முறைக்குச் சொல்லப்படும் ஒரே குறை. அதன்பொருட்டு வாளியில் தண்ணீர் பிடித்து வைப்பதையும் இப்பிரிவினர் விதியின் ஓர் உறுப்பாகவே கொள்வர்.