பழம் நமக்கு, காடு சர்க்காருக்கு

நகரத்து மனிதனுக்கு ஆன்மா களைத்துப்போனால் இப்போதெல்லாம் மலையேறிவிடுகிறான். வெள்ளிக்கிழமை இரவு புறப்பட்டால் ஞாயிறு மாலைக்குள் ஆதிவாசிகளின் ஞானம் மொத்தத்தையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிடலாம். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு லீவு போட வேண்டியதில்லை.

முகாமின் ஏற்பாடு பிரமாதமாக இருக்கும். தங்குவதற்கு மண்சுவர்க் குடில். உள்ளே ஏசி உண்டு. மண்ணோடு ஒன்ற வேண்டுமென்றால் வியர்த்துத்தான் ஆக வேண்டும் என்று சட்டமா என்ன? காலையில் பனிப்புல்லில் வெறுங்கால் நடை. சாமைக் கஞ்சி, மலைத்தேன், மூலிகைக் குளியல். உடல், மனம், ஆன்மா மூன்றும் சமநிலைக்கு வரும் என்பது உத்தரவாதம். பயிற்சி கொடுப்பவர் ஆதிவாசி இல்லை, ஆதிவாசி ஞானத்தில் சான்றிதழ் வாங்கியவர். அசல் ஆதிவாசியும் வளாகத்தில் இருப்பார். பகலில் பெருக்குவார், ராத்திரி தீ மூட்டியதும் ஆடுவார். அந்த ஆட்டத்துக்குரிய சாவோ அறுவடையோ சாமியோ அன்றைக்கு இருக்காது. விருந்தாளிகள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள், அதுதான் விசேஷம்.

களைப்புக்கு ஆதிவாசியிடம் மருந்து இருக்கிறது என்ற நம்பிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன். இருக்கவே இருக்கிறது. அந்த மருந்து என்ன ஆனது என்பதுதான் கதை.

1987 டிசம்பரில் திருவனந்தபுரத்தை ஒட்டிய அகத்தியமலைக் காட்டுக்குள் விஞ்ஞானிகள் குழு ஒன்று போனது. வழிகாட்ட உடன் போனவர்கள் அந்தக் காட்டுப் பழங்குடிகளான காணிக்காரர்கள். ஏற்றத்தில் படித்தவர்களுக்கு மூச்சு முட்டியது. காணிக்காரர்களோ ஏதோ சிறு பழத்தை மென்றபடி சளைக்காமல் முன்னே போய்க்கொண்டிருந்தார்கள். கேட்டதும் பழத்தைக் கொடுத்தார்கள். தின்றவர்களுக்குத் தெம்பு வந்தது. ஆனால் செடியைக் காட்டத் தயங்கினார்கள். வெளியாளிடம் சொல்லக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். விடாமல் கேட்டபின் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை.

பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதை ஆராய்ந்து, அமுக்கராவும் வேறு சில சரக்குகளும் சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்தாக்கியது. கோயம்புத்தூர் மருந்து நிறுவனம் ஒன்றுக்கு 1995இல் உரிமம் போனது. 10 லட்சம் ரூபாய் கட்டணம், விற்பனையில் 2 சதவீதம் பங்கு. வருவதில் பாதி காணிக்காரர்களுக்கு என்று ஆய்வு நிறுவனம் முடிவு செய்தது. இந்த இடத்தில் கேலியைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். அன்றைக்கு அப்படி யோசிக்கவே ஆளில்லை. யோசித்தவர்கள் மதிப்புக்குரியவர்கள்.

மிச்சப் பேர் அப்படி இல்லை. பணத்தை வாங்கிக்கொள்ள காணிக்காரர்களின் அறக்கட்டளை பதிவாக 1997 ஆனது. பணம் கைக்கு வர 1999. இதற்குள் பெரிய வேடிக்கை ஒன்று நடந்தது. மருந்துக்கு இலை வேண்டும். அந்தச் செடி தன் காட்டு நிழலிலே வளர்ந்தால்தான் வீரியம் என்று ஆராய்ந்தவர்களே சொன்னார்கள். சரி, காணிக் குடும்பங்கள் வளர்த்து விற்கட்டும் என்று பயிற்சி கொடுத்து, நட்டும் ஆயிற்று. வனத்துறை வந்து நின்றது. வளர்த்த இலையோடு காட்டு இலையையும் பறித்துக் காட்டையே மொட்டையடித்துவிடுவீர்கள் என்றது.

யாரைப் பார்த்து? தலைமுறை தலைமுறையாகத் தின்றும் அந்தச் செடியை அழியவிடாமல் வைத்திருந்தவர்களைப் பார்த்து. தேக்குக்கும் தேயிலைக்கும் யூகலிப்டஸுக்கும் அணைக்கட்டுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டை ஏக்கர் ஏக்கராக வழித்துக் கொடுத்த அரசாங்கங்களின் இலாகா, ஒரு முழ உயரச் செடியைக் காப்பாற்றக் கச்சை கட்டிக்கொண்டு நின்றது. அதற்குள் கடல் தாண்டி அமெரிக்காவில் ஒரு நிறுவனம் ஜீவனி என்ற பெயரையே தன் வணிகச்சின்னமாகப் பதிவு செய்துகொண்டது. அங்கே போய்த் தடுக்க எந்த வனக்காவலரும் லத்தியோடு புறப்படவில்லை.

அறிவைச் சொன்னால் ‘பாரம்பரியம்’ என்று கைதட்டுவோம்; அதே வாயால் இலையைக் கிள்ளட்டுமா என்று கேட்டால் வழக்குப் போடுவோம். காணிக்காரர்கள் தங்கள் காவல் தெய்வமாகக் கும்பிடும் அகத்தியரின் மலைக்குப் போகவும் இன்று வனத்துறைக்குப் பணம் கட்டி ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். சீசன் நேரத்தில் இடம் கிடைப்பதே கஷ்டம். சாமிக்குச் சொந்தக்காரர் சுமை தூக்கலாம், சமைக்கலாம், வழி காட்டலாம். டிக்கெட் கிழிப்பது மட்டும் சர்க்கார்.

முகாமில் நெற்றிக்குச் சந்தனம் வைப்பார்கள். குளிர்ச்சி, மன அமைதி. அந்தச் சந்தனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்று ஒரு பழங்குடி ஊர். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை பதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து ஊருக்குள் புகுந்தன. அடித்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள், 18 பெண்களைப் பாலியல் வல்லுறவுக்கு ஆளாக்கினார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று அரசு சாதித்தது. 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேருமே குற்றவாளிகள் என்றது: வனத்துறையினர் 155, காவல்துறையினர் 108, வருவாய்த்துறையினர் 6. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தபோது 2023 ஆகிவிட்டது. முப்பத்தோரு வருஷம். அந்தப் பெண்களின் உடல், மனம், ஆன்மா சமநிலைக்கு எந்த மலையில் முகாம் போட்டோம்? எந்தத் தைலம் கொடுத்தோம்? அவர்களுக்கு நாம் கொடுத்தது வாய்தா.

நம்முடைய ஆன்மிகம் வசதியானது, எங்கேயும் மடித்து எடுத்துப் போகலாம். ஒரு பாய், ஒரு ஊதுவத்தி, செல்போனில் ஒரு ஆப். நாம் கும்பிடுவதால் எந்தக் கம்பெனிக்கும் நஷ்டம் கிடையாது. ஆதிவாசியின் சாமி அப்படி இல்லை. அது மலை உச்சியில் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறது. ஒடிசாவின் நியமகிரியில் டோங்ரியா கொந்து மக்களின் நியமராஜா உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கீழே பாக்சைட் இருந்தது. வேதாந்தா குழுமத்தின் அலுமினா ஆலை அடிவாரத்தில் வாயைத் திறந்து காத்திருந்தது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சுரங்கம் தோண்டலாமா என்று கிராமசபைகளைக் கேளுங்கள் என்றது. மலையைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்க, மாநில அரசு பொறுக்கியெடுத்தது 12. பொறுக்கியெடுத்த பன்னிரண்டும் முடியாது என்றன. ஒன்றுகூடப் பிசகவில்லை.

அந்தப் பன்னிரண்டு கூட்டங்களிலும் யாரும் கண்ணை மூடி மூச்சை எண்ணவில்லை. எங்கள் ராஜாவின் மலை, விற்க மாட்டோம், போ என்றார்கள். ஆதிவாசி ஆன்மிகத்தில் முகாம்காரர்கள் கவனமாக விட்டுவிடுகிற அத்தியாயம் இதுதான். தேனை விற்கலாம், தாளத்தை விற்கலாம், மூச்சுப் பயிற்சிகூட விற்றுவிடலாம். ‘போ’ என்பதை என்ன விலைக்கு விற்பது?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பழங்குடிகளுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்று முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்ட கையோடு, 2005 டிசம்பர் 13க்கு முன்பே நீ இந்த நிலத்தில் இருந்தாய் என்பதை நிரூபி என்கிறது. அகத்தியர் காலத்திலிருந்து இருக்கிறோம் என்று சொல்கிறவன் நிரூபிக்க வேண்டிய தேதி இது! நிரூபிக்க முடியாமல் மனு நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றும்படி 2019 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. குடும்பக் கணக்கு பத்து லட்சத்தைத் தாண்டியது. கூச்சல் எழுந்து, பிப்ரவரி 28இல் அதே நீதிமன்றம் தன் உத்தரவை நிறுத்தி வைத்தது. நிறுத்தித்தான் வைத்தது.

ஆகவே முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒரு யோசனை. நிலத்தோடு தொடர்பு என்று வாய் ஓயாமல் சொல்கிறீர்களே, ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கஞ்சி குடித்ததும் விருந்தாளி ஒவ்வொருவர் கையிலும் ஒரு படிவம். தன் பாட்டன் இந்த மண்ணில் இருந்தான் என்று காட்ட வேண்டும். சாட்சியாக மரம், சுனை, இடுகாடு, குலசாமி எதைச் சொன்னாலும் செல்லாது, தாள் வேண்டும். கிராமசபையில் ஒரு வரிசை, கோட்ட அளவில் ஒரு வரிசை, மாவட்ட அளவில் இன்னொரு வரிசை. வெயிலில்தான் நிற்க வேண்டும். மாலை நாலு மணிக்கு எல்லா மனுக்களும் நிராகரிக்கப்படும். காரணம் எழுத்தில் தரப்பட மாட்டாது. ஐந்து மணிக்குக் குடிலைக் காலி செய்துவிட வேண்டும். கட்டிய பணமும் திரும்பக் கிடைக்காது.