டிகிரி சார்

காஞ்சிபுரத்தை ஒட்டிய எங்கள் ஏனாத்தூரில் டிகிரிக்குப் பஞ்சமில்லை. சந்திரசேகரேந்திர சரஸ்வதி பெயரில் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் 1993 முதல் இங்கே இருக்கிறது. நெடுஞ்சாலைக்குப் போனால் டிகிரி காபி. மூன்றாவது வகை டிகிரி, தச்சு வேலை நடக்கும் வீட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் சாரிடம் கிடைக்கும்.

தெருவுக்கு ஒருவர் உண்டு. ரிட்டயர் ஆனவர், கணக்கில் புலி, செல்போனில் சாய்வு காட்டும் ஆப். வீடு அவருடையதாக இருக்க வேண்டியதில்லை. இழைப்புளிச் சத்தம் கேட்டால் போதும், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

எங்கள் வீட்டுக்கும் வந்தார். மாடிப்படிக்கு அடியில் அலமாரி. ஆசாரி பையிலிருந்து பெவலை எடுத்தார். மரப்பிடி, தலையில் ஒரு திருகு, அதைப் பிடித்துக்கொண்டு ஆடும் எஃகுத் தகடு. அவ்வளவுதான். எண் என்று ஒன்று அதில் கிடையாது. பிடியை நிலைக்கட்டையில் சாத்தினார், தகட்டைப் படியின் சரிவில் படியவிட்டார், திருகை இறுக்கினார்.

"எத்தனை டிகிரி?"

"தெரியாது சார்."

"தெரியாம எப்படிய்யா அறுப்ப?"

"அங்க இருக்கிறது பலகையில வந்தா போதும் சார். நம்பரை வெச்சுக்கினு இன்னா பண்றது?"

சாருக்குக் காபி இறங்கவில்லை. போனைச் சரிவில் ஒட்டினார். 33.4. கொஞ்சம் மேலே 32.8. கீழே 34. பூச்சு வேலை செய்த கொத்தனாரின் மனநிலை அப்படி. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தார். 33.4! "நான்தான் முதல்லயே சொன்னேனே!" ஆசாரி அதற்குள் மூன்று இடத்திலும் தனித்தனியாகப் பெவலை வைத்து, மூன்று பலகையில் மூன்று கோடு கிழித்திருந்தார்.

நாலாவது கோட்டுக்கு முன் பீடி பிடிக்கப் போனவர் பெவலைக் கீழே வைத்ததுதான் தப்பு. அது எத்தனை டிகிரி என்று தெரியாமல் சாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எடுத்தார், போனோடு சேர்த்துப் பிடித்தார், திருகையும் லேசாகத் தொட்டுப் பார்த்தார். தகடு நகர்ந்தது. நகர்ந்ததை அவர் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார். போனில் யாரிடமோ பேச ஆரம்பித்துவிட்டார்.

ஒரு டிகிரி பிசகினால் இரண்டடிக்கு ஒரு சென்டிமீட்டர் போகும். நாலாவது பலகைக்கும் சரிவுக்கும் நடுவே பல்லி குடும்பம் நடத்தலாம்.

"திருகு லூசாயிருந்துது போல," என்றார் சார், பெருந்தன்மையாக.

ஆசாரி ஒன்றும் சொல்லவில்லை. வேலை எப்போது முடியும் என்று என் மனைவி கேட்டபோது மட்டும், "அத்திவரதர் 2059ல வர்றாராம். அதுக்குள்ள முடிச்சிடலாம்மா, சார் கூட இருந்தாருன்னா," என்றார்.

மறுநாள் அவர் பையில் இன்னொரு பெவல் இருந்தது. பழசு, திருகு துருப்பிடித்து இறுகி, சுத்தியால் அடித்தாலும் அசையாது. வந்ததும் வராததுமாக அதை சாரிடம் நீட்டினார்.

"சார், இது எத்தனை டிகிரின்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

சாயங்காலம் வரை வீட்டில் உளிச் சத்தம் மட்டும்தான். ஐந்து மணிக்கு சார் தலைநிமிர்ந்தார்.

"41.7," என்றார். "எழுதிக்கோ."