ஏணியில் நின்றவர்

ஆளைப் பார்த்ததுமே எடை போட்டுவிடுவேன் என்று நாலு பேரிடம் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். அந்தப் பவிசு கொல்லிமலை அரியூர் நாட்டில், ஒரு மிளகுக் கொடியடியில் கப்பலேறியது.

காரவள்ளியிலிருந்து மேலே வர 70 கொண்டை ஊசி வளைவுகள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவனுக்கு யாரைக் கண்டாலும் எரிச்சல். வழி கேட்கலாம் என்று ஒரு தோட்டத்துக்குள் நுழைந்தேன். சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஒற்றை மூங்கில் ஏணியில் பெரியவர் ஒருவர், மிளகுச் சரங்களைக் கிள்ளி இடுப்புச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். "ஐயா" என்றேன். குனிந்து பார்த்தார்; பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டு வழி கேட்டதற்குத் தாடையைக் கிழக்கே ஆட்டினார். திமிர் பிடித்த ஆள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அதோடு நகர்ந்திருக்கலாம். சாக்கில் எல்லாம் பச்சைச் சரமாகக் கிடப்பதைக் கண்டு, "நல்லாப் பழுக்கட்டுமே, அப்புறம் பறிங்களேன்" என்று அண்ணாந்து பாடம் எடுத்தேன். வெண்பொங்கலில் மிளகைப் பொறுக்கி இலையோரம் ஒதுக்குவதைத் தவிர அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

பெரியவர் இறங்கி, அந்தண்டை போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். ஒரு சரத்தை என் உள்ளங்கையில் வைத்தார். பச்சை மணிகளுக்கு நடுவே இரண்டு மட்டும் சிவந்திருந்தன.

"ரெண்டு மணி செவந்தாப் பறிச்சுடணும் சார். முழுக்கப் பழுக்க விட்டா உதிர்ந்துரும், மிச்சத்தைக் குருவி தின்னுரும்."

பச்சையாகப் பறித்து வெயிலில் காயப் போட்டால்தான் தோல் சுருங்கிக் கறுக்குமாம். பழுத்ததை ஊறவைத்துத் தோலை உரித்தால் அது வெள்ளை மிளகு. ஏணியில் ஏன் பேசவில்லை என்று கேட்டேன். "வாயத் தொறந்தா உங்க வெள்ளைச் சட்டை என்னாகறது?" என்றார்.

இதே மலைத் தலைவனை அடையாளம் கண்ட புலவர் ஒருவர் உண்டு. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் ஒரு வேட்டுவனைக் காண்கிறார். யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் ஒரே அம்பில் வீழ்த்தியவன். மார்பில் கிடந்த ஆரத்தைக் கவனித்து, இவன் வெறும் வேடனல்லன், ஓரியோ என ஐயுறுகிறார். ஓரியேதான். மானிறைச்சியும் மதுவும் தந்து, பொன்னும் மணியும் அள்ளிக் கொடுத்தான். என் கண்ணோ பெரியவரின் கறைபட்ட சட்டைக்கு மேல் ஏறவில்லை.

பெரியவர் சாமைச் சோறு போட்டார். நானும் ஏறிப் பார்க்கிறேன் என்று ஏணியில் கால் வைத்துப் பாதியில் உறைந்து நின்றபோது, அவர்தான் கணுக்கணுவாகக் காலைப் பிடித்து இறக்கிவிட்டார். அன்று முதல் 'சார்' போய் 'தம்பி' ஆனேன். இப்போதெல்லாம் மிளகுப் பருவத்தில் ஏணியைப் பிடித்துக்கொள்வது என் வேலை. ஏற எனக்கு அனுமதி இல்லை.

ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் அங்கே மிளகு பறிப்பு. அப்போது போகிறவர்கள், ஏணியில் நிற்பவர் பதில் சொல்லவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் இறங்கும்வரை பொறுத்திருங்கள். முடிந்தால் இரண்டடி தள்ளி நில்லுங்கள்.