உராய்வுக்கு யார் வகுப்பெடுப்பது?

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால் மறுநாள் பேப்பரில் என்ன வரும் என்று அந்தப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளே ஒப்பிப்பார்கள். மருந்துக் கலவையில் உராய்வு, அறைகள் தரைமட்டம், போர்மேன் கைது, உரிமையாளர் தலைமறைவு. பிறகு நிவாரணம். பிறகு, தவறாமல், தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அவசியம் என்று ஓர் அறிவிப்பு. ஆக, செத்தவர்கள் பாடம் படிக்காததால் செத்தார்கள் என்பது அரசாங்கத்தின் கண்டுபிடிப்பு.

பாடத்தை நான் குறை சொல்லவில்லை. நல்ல பாடம்தான். நைலான் சேலை கட்டி வராதே, பருத்தி உடுத்து. வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறிய மின்சாரத்தை இறக்கிவிட்டு உள்ளே போ. இரும்புச் சாமான் கூடாது. கலந்த மருந்தை ராத்திரிக்கு மிச்சம் வைக்காதே. பெட்டியைத் தரையில் இழுக்காதே. அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்காராதே. எல்லாம் சரி. வகுப்பு முடிந்து சான்றிதழோடு வெளியே வருகிற அக்காவுக்குக் கூலி எப்படி? செய்து முடித்த எண்ணிக்கைக்கு, குரோஸ் கணக்கில். நிதானமாகச் செய்தால் பாதிக் கூலி. பறந்தடித்துச் செய்தால் முழுக் கூலி. 'அவசரப்படாதே' என்று சொல்லிக்கொடுக்கிற அதிகாரியும், அவசரத்துக்கே கூலி கொடுக்கிற முதலாளியும் மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினத்தில் ஒரே மேடையில் கை நீட்டி உறுதிமொழி எடுக்கிறார்கள். அந்த உறுதிமொழியில் கூலியைப் பற்றி ஒரு வரி இருக்காது.

தீபாவளி நெருங்கும்போது பாடம் இப்படித்தான் திருத்தப்படுகிறது:

"அண்ணே, ரூமுக்கு நாலு பேருன்னுதான கிளாசுல சொன்னாக?"

"நாலு பேருதான் தாயி. ஜீப்பு வந்தா மத்தவங்க பின்பக்கமாப் போயிருங்க."

இந்த அண்ணன் லேசுப்பட்டவரில்லை. அங்கீகரிக்கப்பட்ட தகுதி பெற்றவர். போர்மேன் சான்றிதழ் வைத்திருப்பவர். ஆனால் வேலையை நிறுத்து என்று அவர் சொன்னால் வேலை நிற்காது, அவர்தான் நிற்பார், கேட்டுக்கு வெளியே. அப்படியானால் சான்றிதழ் எதற்கு? வெடித்த அன்று போலீசுக்குத் தேடுகிற வேலை மிச்சம். பெயர், கையெழுத்து எல்லாம் தயாராக இருக்கும். ஜெயிலுக்குப் போகும் தகுதியை முத்திரை குத்திக் கொடுக்கும் படிப்பு உலகத்தில் வேறெங்கும் உண்டா என்று தெரியவில்லை.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. விதிமீறலுக்காக உரிமம் நிறுத்தப்பட்ட ஆலை அன்றும் ஓடிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய 40 உயிர்கள், உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடிவந்தவர்களையும் சேர்த்து. செம்புத் தகட்டை எத்தனை தடவை தொட்டிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள்? உரிமம் இல்லை என்பதை அங்கே வேலை செய்தவர்களிடம் யார் சொன்னது?

2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம். உரிமம் ஒருவர் பெயரில், அறைகள் உள்குத்தகையில் பலர் கையில். 20 பேருக்கு மேல் பலி. ஓர் உயிருக்கு மாநில அரசு 3 லட்சம், மத்திய அரசு 2 லட்சம் என்று அறிவித்துக் கணக்கை முடித்தார்கள். நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டிஆர்ஓ லைசென்ஸ் என்று, உரிமம் தந்த அலுவலகத்தை வைத்து ஆலைகளை ஊரே தரம் பிரித்து வைத்திருக்கிறது. உள்குத்தகை என்பது நாலாவது தரம். அதற்கு மட்டும் காகிதம் கிடையாது. எல்லாருக்கும் தெரியும், ஆய்வுக்கு வருகிறவருக்கு மட்டும் தெரியாது. அவருக்குப் பயிற்சி போதவில்லை போலும்.

படிப்பு மேல் இவ்வளவு ஆசை இருந்தால் அடுத்த வகுப்பில் முதல் பெஞ்சில் உரிமதாரரை உட்காரவையுங்கள். பக்கத்தில் ஆய்வுக்கு வருகிற அதிகாரியை. வினாத்தாள் சின்னதுதான். நேற்று எந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள்? எந்த அறை யாருக்கு, என்ன குத்தகைக்கு? மிச்ச மருந்து ராத்திரி எங்கே கிடந்தது? ஒரு குரோஸுக்கு என்ன கூலி, அந்தக் கூலியில் நிதானமாக வேலை செய்து ஒரு குடும்பம் சாப்பிட முடியுமா? தேறாவிட்டால் ஆலைக்குப் பூட்டு. மறுதேர்வு உண்டு, தலைமறைவாக இருந்தபடி எழுத அனுமதியில்லை.