பலகை இல்லாத தெருவில் அபராதம்

கேள்வி: பலகையே இல்லாத தெருவில் வண்டியை நிறுத்தியதற்கு 'நோ பார்க்கிங்' இ-சலான் வந்திருக்கிறது. 500 ரூபாய்தானே, கட்டித் தொலைத்துவிடலாமா?

பதில்: தொலைக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 177-ஆம் பிரிவின்படி முதல் தடவைக்கு 500 ரூபாய் வரை. மறுபடி மாட்டினால் 1,500 வரை. இன்று அலுப்பில் கட்டுவது நாளை உங்களுக்கே எதிராக நிற்கக்கூடும். போக்குவரத்துப் பலகை வைக்க 116-ஆம் பிரிவு அதிகாரம் தந்திருக்க, வைக்காமலே தண்டிப்பது என்ன நியாயம்? சலான் படத்தில் பெரும்பாலும் நம்பர் பிளேட்தான் தெரியும், தெரு தெரியாது. ஆகவே முனைக்கு முனை நீங்களே படமெடுங்கள். மரக்கிளை மறைத்த பலகை இருந்தால் அதையும் சேர்த்து. கோர்ட்டுக்கு யார் அலைவது என்பீர்கள். இ-சலான் இணையதளத்திலேயே புகார் செய்ய வழியிருக்கிறது. ஜீப்ரா கோடு போன்ற இடங்களில் நிறுத்தியிருந்தால் இந்த வாதம் செல்லாது. அங்கே பலகை தேவையே இல்லை. மற்றபடி, பணம் கட்டுமுன் புகாரை அனுப்புங்கள்.