மொதல்ல கேள்விய வைல, பொறவு பாஷையப் படி!

ஏல பேராண்டி, இங்கன வந்து உக்காரு. தாமிரபரணி மழைய நீ ஆராய்ச்சி பண்ணுதன்னு உங்கம்மா தெரு முழுக்கச் சொல்லிட்டுத் திரியுதா. என்னதான் பண்ணுதன்னு எட்டிப் பாத்தேன். நிரல் எழுத பைத்தான் படிக்கலாமா, ஆர் படிக்கலாமா, ஜூலியா படிக்கலாமான்னு வீடியோவாப் பாத்துத் தள்ளுத. பொண்ணு பாக்கப் போன வீட்டுலயெல்லாம் பஜ்ஜியும் சொஜ்ஜியும் தின்னுட்டு வந்து படுத்துக்கிட்டா, எப்பம்ல தாலி கட்டப் போற?

நம்ம ஸ்ரீவைகுண்டத்துல பொறந்த குமரகுருபரரப் பாரு. அஞ்சு வயசு வரைக்கும் வாய் பேசல, திருச்செந்தூர் சந்நிதியிலதான் பேச்சு வந்துச்சுன்னு சொல்லுவாவ. பொறவு காசிக்குப் போனாரு. அங்க மடம் கட்ட இடம் வேணும், அத சுல்தான்ட்ட கேக்க இந்துஸ்தானி வேணும். சகலகலாவல்லி மாலை பாடி கலைமகள்ட்டயே பாஷைய வாங்கிட்டாராம். இந்துஸ்தானி ஒசத்தியா, பாரசீகம் ஒசத்தியான்னு கங்கைக்கரையில பட்டிமன்றமா நடத்துனாரு? கேக்க வேண்டிய காரியம் கையில இருந்துச்சு, அதுக்குத் தக்கன பாஷை வந்துச்சு.

உனக்கும் ஒரு ராத்திரியில வந்துரும்னு நெனச்சிராத. கலைமகள் அந்த வேலைய இப்பம் இணையத்துல பாடம் நடத்துத என்.பி.டி.இ.எல்.-ட்ட ஒப்படைச்சிட்டா. சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட் மாதவன் முகுந்த் பைத்தான்ல பாடமே நடத்தி வச்சிருக்காரு. கேக்கதுக்குக் காசு கெடையாது, பரீட்சை எழுதி சான்றிதழ் வாங்கத்தான் பணம். எந்த பாஷைன்னு கொழம்பாத. உன் கைடும் பக்கத்து மேசைக்காரியும் எதுல எழுதுதாவளோ, அதையே எடு. பாதி ராத்திரியில செவப்பு எழுத்துல தப்பு வந்து நிக்கும்போ, கேக்கதுக்கு ஆளு வேணும்லா?

இப்பம் உன் காரியத்துக்கு வா. 2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கா? காயல்பட்டினத்துல 95 சென்டிமீட்டர் மழை, நம்ம ஊருல 62. செந்தூர் எக்ஸ்பிரஸ் நம்ம ஸ்டேஷன தாண்ட முடியாம நின்னு, சுமார் 800 பேரு மாட்டிக்கிட்டாவ. இப்பிடி ஒரு மழை முன்ன வந்திருக்கா, இனி வருமான்னு வாழை போட்டவன் எல்லாம் கேக்கான். இதாம்ல கேள்வி! வானிலைத் துறை கட்டம் கட்டமாப் போட்ட தினசரி மழைக் கணக்கு 1901-ல இருந்து கெடக்கு. நூறு வருசம்னாலே ஒரு கட்டத்துக்கு 36,500 வரிக்கு மேல. வெரல் மடக்கி எண்ண முடியுமா? அதுக்குத்தான் நிரல்.

ஆனா கணக்கு எப்பிடி வந்துச்சுன்னு தெரியாம நிரல்ல கை வைக்காத. நான் லஸ்கரா இருந்து மழைமானி பாத்தவன், கேட்டுக்கோ. காலைல எட்டரைக்கு அளக்கது, அதுக்கு முந்துன இருவத்துநாலு மணி நேர மழை. 17-ஆந்தேதி பகலெல்லாம் கொட்டுனது 18-ன்னுதான் ஏடுல ஏறும். ராத்திரி பன்னெண்டுக்கு நாள் மாறுற வெள்ளக் கணக்கோட அதச் சேத்தன்னு வையி, வெள்ளம் மொதல்ல வந்து மழை பொறவு பெஞ்ச மாரி ஒரு அற்புதத்தக் கண்டுபிடிப்ப!

மழை பெய்யலன்னா சைபர். அளக்கலன்னா கோடு. ரெண்டும் ஒண்ணு கெடையாது. வானிலைத் துறை அந்தக் கட்டக் கணக்குல விடுபட்ட எடத்துக்கு மைனஸ் 999-ன்னு போட்டிருக்கும். அதையும் சேத்து சராசரி எடுத்தா, மழை பூமியில இருந்து வானத்துக்குப் பெஞ்சதா வரும். இதுபோக, சில மவராசங்க வீட்டுல படுத்துக்கிட்டே மழைய அளந்திருக்கானுவ. அவனுவ எழுதுனது எல்லாம் அஞ்சுலயும் பத்துலயும்தான் முடியும். அதனால மொதல் வேலை, படமா வரைஞ்சு பாக்கது. கள்ளக்கணக்கு படத்துல பல்ல இளிக்கும்.

எக்செல்லே போதும் தாத்தான்னு சொல்லுவ. வெள்ளக்காரன் காலத்து மழை ஏடு கெடச்சா என்ன செய்வ? 1900-க்கு முந்துன தேதிய தேதின்னே அது ஒத்துக்கிடாது. சில மரபணுப் பேர எல்லாம் அது மார்ச் ஒண்ணு, செப்டம்பர் ஒண்ணுன்னு தேதியா மாத்துன கூத்துல, 2020-ல விஞ்ஞானிக தோத்துப்போயி மரபணுவோட பேரையே மாத்துனாவ. அதே வருசம் இங்கிலாந்துல பழைய எக்செல் ஃபைல் 65,536 வரிக்கு மேல தாங்காம, கிட்டத்தட்ட 16,000 கொரோனாக் கேசு கணக்குல ஏறாம நின்னுச்சு. மவுசால தட்டுனதுக்கு சாட்சி கெடையாது. நிரல்ல செஞ்சதெல்லாம் வரி வரியா நிக்கும், எவன் வேணாலும் திருப்பி ஓட்டிப் பாக்கலாம். வந்த ஏட்ட மட்டும் தொடாத. திருத்தம் எல்லாம் நிரல்லதான் இருக்கணும்.

அப்புறம், ஏஐ எழுதிக் குடுத்துச்சுன்னு நெஞ்ச நிமித்துத. எழுதட்டும். பத்து நாள் மழைய கையால கூட்டி வச்சுக்கிட்டு, அதுவும் அதே விடைய சொல்லுதான்னு பாத்தியா? அடுத்தவன் நிரல எடுக்கதும் தப்பில்ல, நாம கள்ளபிரான் பெருமாள் ஊருக்காரன்ல! காலதூஷகன்னு ஒரு திருடன், திருடுனதுல பாதிய பெருமாளுக்கே குடுத்தான். மாட்டுற நேரம் வந்தப்போ பெருமாளே திருடன் வேசத்துல ராசா முன்னால போயி நின்னாரு. நீயும் அடுத்தவன் நிரல எடு, ஆனா எங்க எடுத்தன்னு எழுது. நீ எழுதுனதையும் நாலு பேருக்குக் குடு. ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன். வைவா அன்னைக்கு எக்ஸாமினர் முன்னால உனக்காவ பெருமாள் வந்து நிக்க மாட்டாரு. ஒவ்வொரு வரியும் என்ன செய்யுதுன்னு நீதான் வாயத் தொறக்கணும்.

போ, அந்த வீடியோவ மூடு. உன் மழைக் கணக்குல எத்தன நாள் அளக்காம விட்டுருக்குன்னு நிரல் வச்சு எண்ணிட்டு வா. அது தெரிஞ்ச அன்னைக்குத்தான் நீ ஆராய்ச்சி ஆரம்பிச்சன்னு நான் ஒத்துக்கிடுவேன். அதுவரைக்கும் உங்கம்மாவ தெருவுல கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லு.